ஸ்டேஜ் 1 கிட்: குமரி மாவட்டச் சாலையில் எது தாங்கும், எது உதறும்

டர்போ காரின் சக்தியைக் கூட்ட "ஸ்டேஜ் 1" என்ற பெயரில் விற்கும் கிட்டில் பெரும்பாலும் நான்கு சரக்கு இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ரீமேப் (அதன் மென்பொருளைத் திருத்தி எழுதுவது), அல்லது அதற்குப் பதிலாக ஒரு ட்யூனிங் பாக்ஸ்; கூம்பு ஏர் ஃபில்டர்; டர்போவை ஒட்டி வரும் புகைக்குழாயான டவுன்பைப்; இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் பாலியூரிதேன் மவுண்டிங். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று நான்கையும் ஒரே நாளில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பத்து நாள் கழித்து வண்டி உதறத் தொடங்கினால் நான்கில் எது காரணம் என்று பிரிப்பது எந்த மெக்கானிக்குக்கும் பெரும்பாடு. ஆகவே இங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரீமேப் வாங்கலாம், டார்க்கை (இன்ஜினின் முறுக்கு விசையை) அடக்கி வைத்து எழுதித் தந்தால். ட்யூனிங் பாக்ஸ், மேனுவல் கியர் டீசலுக்கு மட்டும், அதுவும் அரை மனதோடு. கூம்பு ஃபில்டர் இந்த ஊர் மழைக்கு ஆகாது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் வேண்டவே வேண்டாம். பாலி மவுண்டிங்கைக் கீழே உள்ள ஒன்றில் மட்டும் போடலாம். மூன்று சிலிண்டர் வண்டியில் அதையும் யோசித்துத்தான் போட வேண்டும்.

ஊரைச் சொல்லாமல் இந்தத் தீர்ப்பு விளங்காது. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஊர் விட்டால் ஊர். இரண்டாம், மூன்றாம் கியரில் 1200 முதல் 1800 ஆர்பிஎம்முக்குள்தான் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இன்ஜினின் அன்றாட வாழ்க்கை. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனால் வளைவும் ஏற்றமும். மறுபக்கம் காவல்கிணறு போய் நாற்கரச் சாலையில் ஏறினால் திருநெல்வேலி வரை விடாத ஓட்டம்; ஜூன், ஜூலையில் திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று முகத்தில் அடித்து நிறுத்தப் பார்க்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி ஓரத்தில் உப்புக் காற்று. இதற்கு மேல் ஆண்டில் இரண்டு மழைக்காலம். குறைந்த ஆர்பிஎம்மில் அதிகப் பளு, நீண்ட நேர முழு பளு, ஈரம், உப்பு என்று ஒரு கிட்டைச் சோதிக்கத் தேவையான அத்தனையும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கிறது.

மவுண்டிங்கில் இருந்து தொடங்குகிறேன். அதிர்வுப் புகார்களின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

கம்பெனி போட்டுத் தரும் மவுண்டிங்கில் இருப்பது இயற்கை ரப்பர், சில வண்டிகளில் அதற்குள் திரவமும் உண்டு. குலசேகரம் பக்கத்து மரங்களில் வெட்டி எடுக்கும் அதே பால்தான் அதன் மூலப்பொருள். கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் இந்த ரப்பர் ஏறக்குறைய 45 முதல் 60 வரை நிற்கும். கிட்டில் வரும் பாலியூரிதேன் 70 முதல் 95 வரை. கியர் மாற்றும்போது இன்ஜின் முன்னும் பின்னும் ஆடுவது இதனால் குறையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி உடனே கிளம்பும். இது உண்மையான பலன்தான். அதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. கணக்குக்காக அது வினாடிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினின் துடிப்பு இந்த எண்ணைப் போல் 1.41 மடங்குக்கு மேல் போனால்தான் மவுண்டிங் அதிர்வை வடிகட்டும். அதற்குக் கீழே இருந்தால் அதிர்வைப் பெருக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை எரிப்பு, நான்கு சிலிண்டரில் இரண்டு. 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) மூன்று சிலிண்டருக்கு வினாடிக்கு 20 துடிப்பு, நான்கு சிலிண்டருக்கு ஏறக்குறைய 27. பழைய மவுண்டிங்கின் எல்லை 14 என்பதால் இரண்டுமே சுகமாக வடிகட்டப்படும். இப்போது எல்லா மவுண்டிங்கையும் மூன்று மடங்கு விறைப்பான பாலிக்கு மாற்றுங்கள். இயல்பான வேகம் 17.3 ஆகிறது, எல்லை 24.5. நான்கு சிலிண்டர் வண்டி தப்பித்தோம் பிழைத்தோம் என்று எல்லைக்கு மேலே நிற்கும். மூன்று சிலிண்டர் வண்டி பெருக்கும் பகுதிக்குள் விழுந்துவிடும். ரப்பரின் தணிப்பைச் சேர்க்காமல் கணக்கிட்டால், முன்பு மூன்றில் ஒரு பங்காக உள்ளே வந்த அதிர்வு இப்போது மூன்று மடங்காக வரும். ஸ்டீயரிங் நடுக்கம், கண்ணாடியில் பின்வண்டி மங்கித் தெரிவது, டேஷ்போர்டு கடகடப்பது எல்லாம் இதன் பிள்ளைகள்.

சில கடைகள் ஐடிலிங்கை 900-க்கு ஏற்றிவிட்டு "சரியாயிற்று" என்பார்கள். மேலே உள்ள கணக்குப்படி மூன்று சிலிண்டர் வண்டி அந்த எல்லையைத் தாண்டவே 980 ஆர்பிஎம் வேண்டும். ஏசி போட்டு மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அது எரிபொருள் செலவு மட்டுமே. போலோ 1.0 டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், ஃப்ரான்க்ஸ் டர்போ, நெக்ஸான் பெட்ரோல் எல்லாம் மூன்று சிலிண்டர்கள். இவற்றுக்கு முழு பாலி செட் போடுவதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு சிலிண்டர் வண்டிக்குக் கீழே உள்ள டார்க் மவுண்டிங்கில் மட்டும் 70 அல்லது 75 ஷோர் போட்டால், ஆட்டமும் அடங்கும், ஐடிலிங் அதிர்வும் கொஞ்சம்தான் கூடும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் அதிலும் சற்றுக் குறையும்.

வாங்கும்போது இன்னொன்றைக் கேளுங்கள்: பாலியூரிதேன் எந்த வகை? பாலியெஸ்டர் வகை, சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் நீரால் சிதைந்து பொடியும். பாலியீதர் வகை தாக்குப்பிடிக்கும். கடற்கரை ஈரக்காற்றில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. விற்பவருக்கே பதில் தெரியவில்லை என்றால் அந்தச் சரக்கை விட்டுவிட்டு ஒரிஜினல் ரப்பர் மவுண்டிங்கைப் புதிதாகப் போடுவதே மேல்.

சொல்லப்போனால் பழைய வண்டிகளில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ரீமேப் போட்டதும் வண்டி உதறுகிறது என்று வருகிறவற்றில் பல, மவுண்டிங் ஏற்கெனவே அமர்ந்துபோன வண்டிகள். 190 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க்குக்கு ஆடாமல் இருந்த கிழிந்த ரப்பர் 230-க்கு ஆடிக் காட்டிவிடும், அவ்வளவுதான். டேப்பெட் கவர் கசிந்து ஆயில் சொட்டும் வண்டியில் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது வீண். இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகாது, ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். முதலில் கசிவை நிறுத்துங்கள்.

மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினின் எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் சம்ப் நசுங்கும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங் மட்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பின் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே கடைசி முறுக்கு. ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே பூட்டப்படும். புது மவுண்டிங் போட்டும் அதிர்வு குறையவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருவது. போக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் பல மவுண்டிங் போல்ட்டுகள் இழுபடும் வகை. டார்க் ரென்ச்சில் குறிப்பிட்ட அளவு, அதற்கு மேல் குறிப்பிட்ட கோணம் என்று முறுக்க வேண்டும், கழற்றினால் புது போல்ட் போட வேண்டும். பழையதையே போடும் ஒர்க்ஷாப்பாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து ரீமேப். சின்ன ஹேட்ச்பேக்குகளுக்குப் பொதுவாக 20,000 முதல் 40,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். இந்தப் பணத்துக்குப் பெரிய எண்ணைத் தேடாதீர்கள், டார்க் எந்த ஆர்பிஎம்மில் ஏறுகிறது என்று கேளுங்கள். பழைய ஸ்விஃப்ட் டீசலின் 1.3 இன்ஜின் கம்பெனி அளவில் 75 பிஎஸ் (குதிரைத்திறன்), 190 என்எம். இதை 1600 ஆர்பிஎம்மிலேயே 240-க்குத் தூக்கும் மேப், ஓட்டிப் பார்க்கும்போது பிரமாதமாகத் தெரியும். கிளட்ச் பிளேட்டுக்கு எமன். 2000 ஆர்பிஎம் வரை கம்பெனி அளவை ஒட்டியே போய், அதற்கு மேல் 220, 225 என்று மெதுவாக ஏறும் மேப் தக்கலை நெரிசலுக்கும் பேச்சிப்பாறை ஏற்றத்துக்கும் சரிவரும். ஒரே குதிரைத்திறனைக் குறைந்த ஆர்பிஎம்மில் எடுத்தால் அதிக டார்க், அதிக ஆர்பிஎம்மில் எடுத்தால் குறைந்த டார்க். கிளட்சும் கியர்பாக்ஸும் கனெக்டிங் ராடும் உணர்வது டார்க்கைத்தான்.

நேரடி இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோலில் இன்னொரு ஆபத்து உண்டு. குறைந்த ஆர்பிஎம், முழு ஆக்ஸிலரேட்டர், உயர்ந்த பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) மூன்றும் சேர்ந்தால், பிளக் பொறி வைப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். சாதாரண நாக்கிங் போல இது லேசாகத் தட்டிவிட்டுப் போகாது. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் மேடையை உடைத்துவிடலாம். மூன்றாம் கியரில் 1300-இல் மிதித்து ஓவர்டேக் எடுக்கும் பழக்கம் இருந்தால், ரீமேப் போட்ட பிறகு இரண்டாம் கியருக்கு இறங்கப் பழகுங்கள்.

பெட்ரோல் மேப் எந்த எரிபொருளுக்கு எழுதியது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உயர் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) பெட்ரோலுக்கு எழுதியதை அதைவிடக் குறைந்த ஆக்டேனில் ஓட்டினால் இக்னிஷனைக் கம்ப்யூட்டர் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். பிக்கப்பும் போகும், சூடும் ஏறும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதமே வேறு: எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்றால் இதற்கு ஏறக்குறைய 13.5. அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். பழைய மேப்பை அப்படியே ஏற்றினால் முழு பளுவில் கலவை வறண்டுபோகலாம். பிளக்கை ஒரு படி குளிர்ச்சியானதாக மாற்றி, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குக் குறைப்பது பூஸ்ட் ஏற்றிய பெட்ரோலுக்கு நல்லது. பூஸ்ட் கூடினால் பொறி தாண்டுவது கடினம். அகன்ற இடைவெளியில் மிஸ்ஸிங் (எரிப்பு தவறுவது) வரும். இன்ஜின் விளக்கு மினுக்கினால் அது மிஸ்ஸிங்கேதான். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும்.

ட்யூனிங் பாக்ஸ் விலை குறைவு, கழற்றுவதும் சுலபம். டீசலில் அது செய்வது ஒரே ஒரு பொய்தான். இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் எண்ணைக் குறைத்துக் காட்டும். கம்ப்யூட்டர் போதவில்லை என்று நினைத்து பம்ப்பை அதிகம் தள்ளச் சொல்லும். ஆக இன்ஜெக்டரும் பம்ப்பும் எப்போதும் காட்டும் எண்ணைவிட உயர்ந்த அழுத்தத்தில் ஓடும். இதைவிட மோசமானது ஆட்டோமேட்டிக் வண்டியில். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் டார்க்கை நம்பித்தான் கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்று முடிவு செய்யும். இன்ஜின் 200 தருகிறேன் என்று சொல்லி 240 தந்தால் கிளட்ச் வழுக்கும், உதறும், தேயும். பழைய போலோ 1.2 டிஎஸ்ஐயின் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச் வகை, 250 என்எம்தான் அதன் எல்லை. அதில் ரீமேப் போட்டால்கூட அந்த எல்லைக்குக் கீழே நன்றாக இடம் விட்டு நிறுத்த வேண்டும். பாக்ஸ் கூடவே கூடாது.

வண்டி ஏற்கெனவே உதறுகிறதா? பணம் செலவழிக்கும் முன் அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். நேர்ச்சாலையில் உதறும் வேகத்துக்கு வந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே நியூட்ரலுக்குப் போடுங்கள். அதிர்வு தொடர்ந்தால் அது சக்கரம், டயர், பேலன்ஸிங், கிட்டுக்குச் சம்பந்தமில்லை. 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும், 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு சுற்று. இந்த நிதானமான ஆட்டத்தையும் இன்ஜினின் வேகமான நடுக்கத்தையும் கையே பிரித்தறியும். மிதிக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் போனால், ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். மவுண்டிங் தாழ்ந்து இன்ஜின் சரிந்தால் ஜாயின்ட்டின் கோணம் கெட்டு இப்படி உதறும். நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது மட்டும் என்றால் கிளட்ச். ஐடிலிங்கில் கடகடவென்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினாலோ இன்ஜினை அணைக்கும்போது உலுக்கி நின்றாலோ டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் இடையில் சுற்றும் இரட்டைத் தட்டு) மேல் சந்தேகம் வையுங்கள். 2000, 2500 ஆர்பிஎம் சுற்றில் மட்டும் காதை அடைக்கும் முழக்கம் வந்தால், டவுன்பைப் எங்கோ பாடியில் இடிக்கிறது அல்லது சைலன்சர் தொங்கும் ரப்பர் இழுபட்டிருக்கிறது.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதற்கு எளிய சோதனை: நான்காம் கியரில் 1800 ஆர்பிஎம், ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர். ஆர்பிஎம் முள் வேகத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடினால் பிளேட் போய்விட்டது. ரீமேப்புக்கு முன் இந்தச் சோதனையில் தோற்ற வண்டிக்கு ரீமேப் போடுபவர் உங்கள் பணத்தை மட்டும் பார்ப்பவர்.

கூம்பு ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பானெட்டுக்குள் சூடான காற்றை இழுக்கிறது. சாலையில் தேங்கிய நீர் தெறித்தால் அதையும் இழுக்கிறது. எண்ணெய் பூசிய பருத்தி வகையில் எண்ணெய் கூடிப்போனால் காற்றளவி சென்சாரில் படிந்து கணக்கைக் கெடுக்கும். பழைய பெட்டிக்குள் போடும் தட்டை ஃபில்டர் போதும். கன்வெர்ட்டரையோ டீசலின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரையோ எடுத்த வண்டி புகைச் சான்றிதழுக்கு முறையாக நிற்காது, ஊரின் காற்றையும் கெடுக்கும். அலுமினிய லேசான கிராங்க் புல்லியைச் சில கடைகள் இலவசமாகவே சேர்த்துத் தரும், வாங்காதீர்கள். கம்பெனி புல்லியின் நடுவில் உள்ள ரப்பர் வளையம் கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வை அடக்குவதற்கு. அது இல்லாத கிராங்க்கில் பேரிங் தேயும், காலப்போக்கில் கிராங்க்கே விரிசல் விடலாம்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ரீமேப் தரும் கூடுதல் சக்தி ஒற்றை இலக்கம்தான். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் பதிவு செய்த விவரங்களில் இருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிஎன் 74, டிஎன் 75 எதுவானாலும் இதேதான். வாரன்டியும் இன்ஷூரன்ஸ் கிளைமும் சிக்கலாகும் என்பதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரீமேப் போடுவதென்றால், முதலில் கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டீசலில் இன்ஜெக்டரில் இருந்து திரும்பும் எரிபொருளின் அளவு, டர்போ குழாய்களில் காற்றுக் கசிவு, கூலன்ட் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை வண்டியில் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் வயரின் இரு முனையையும் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டுங்கள். உப்பேறிய எர்த் இணைப்பு, சென்சார்களின் எண்களைத் தவறாகக் காட்டி, மேப்பின் மேல் வீண்பழி போடும். கம்பெனி மேப்பின் நகலைக் கையில் வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் சாஃப்ட்வேர் புதுப்பித்தால் ரீமேப் அழிந்துபோகும் என்பதால் மறுபடி ஏற்றித் தருவதற்கு என்ன கட்டணம் என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

போட்ட பிறகு மூன்றாம் கியரில் 1500 முதல் 3500 வரை ஓட்டி, ஸ்கேனரில் பதிவு எடுக்கச் சொல்லுங்கள்: கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், ரெயில் பிரஷர், உள்ளே போகும் காற்றின் சூடு, பெட்ரோலில் ஒவ்வொரு சிலிண்டரின் இக்னிஷன் பின்வாங்கல். இந்தப் பதிவைத் தராத கடையில் எண்ணைப் பற்றிப் பேசியே பயனில்லை. ஆயிலைக் கம்பெனி சொன்ன அதே தரத்தில், 10,000 கிலோமீட்டருக்குப் பதில் 5,000 முதல் 7,500-க்குள் மாற்றுங்கள், 1.3 டீசலின் டைமிங் செயின் நல்ல ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. நாற்கரச் சாலையில் விரட்டி வந்த பிறகு வண்டியை உடனே அணைக்காமல் கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் மவுண்டிங் போல்ட், டர்போ குழாய்க் கிளாம்ப், டவுன்பைப் நட்டு மூன்றையும் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இழுபடும் வகை போல்ட்டாக இருந்தால் மறுபடி முறுக்காமல், பெயின்ட்டால் போட்ட கோடு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.